கதை சொன்ன நதி



நம் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், நாயக்கர் காலத்து வர்ணப் பூச்சின் அடியில் மறைந்துகிடந்து, 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பெற்ற சோழர் சித்திரங்களில், சுந்தரரின் மணப்பந்தலில் ஓலை நீட்டி வழக்காடும் கிழவர் முதற்கொண்டு, யானை மீதேறிச் சுந்தரர் கயிலை ஏகுவது வரையில், கதை காட்சி காட்சியாக விரிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சித்திரத்தால் கதை சொல்லிய ஊர் என்ற உரிமையில்தான், இந்த மேடையில் படக்கதையைப் பற்றிப் பேசத் துணிகிறேன், துணைவேந்தர் பொறுத்தருள்வாராக.

நான் சொல்ல வந்த படக்கதைக் கலைஞர் அம்ருதா பாட்டீல் கோவாவில் வளர்ந்து, அங்குள்ள கலைக்கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பாஸ்டனில் மேற்படிப்பு முடித்தவர். 2008-இல் வெளிவந்த அவரது ‘கரி’, இந்தியப் பெண்ணொருத்தி தானே எழுதித் தானே வரைந்த முதல் சித்திர நாவல் என்று போற்றப்படுகிறது. விளம்பர நிறுவனத்தில் உழைக்கும், இன்னொரு பெண்ணை நேசித்துப் பிரிந்த ஒருத்தியின் கதை. பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. நம் செவிக்கு அப்பெயர் அடுப்புக்கரியை நினைவூட்டுவது தற்செயலே.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது 2012-இல் வந்த, பாரதக் கதை சொல்லும் அவரது ‘ஆதி பர்வம்’. வைசம்பாயனர் வாயால் பாரதம் கேட்டுப் பழகிய நமக்கு, அங்கே கதை சொல்பவள் சாக்ஷாத் கங்கை. இரவில் ஒரு பெண்ணாக வந்தமர்ந்து அவள் தொடங்க, கூடியவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்கிறார்கள். நம் காலட்சேபத்தில் அந்தச் சலுகை கிடையாது! கேட்போர் சூழ்ந்த இரவு கறுப்பு வெள்ளையிலும், அவள் சொல்லச் சொல்ல விரியும் புராணம் வர்ணத்திலுமாக அமைந்திருப்பதால், பக்கம் புரட்டுகையில், விளக்கணைந்த கொட்டகையில் திரை விலகினாற்போல் இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் எழுவரை நீரில் விட்டவள் என்று பிறர் சொல்லவே நாம் கேட்டிருந்த அவளைத் தன் வாயால் பேசவிட்டது, தூரிகை ஒரு பெண்ணின் கையில் இருந்ததால் நேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம். நாரி சக்தி விருது 2017-இல் அம்ருதா பாட்டீலைத் தேடி வந்தது.

அந்தக் கங்கையைப் போலவே, ஆடிப்பெருக்கன்று காப்பரிசியும் காதோலை கருகமணியும் கொண்டு நாம் வணங்கும் காவிரி, மேட்டூர் அணை திறந்தும் கடைமடைக்கு நீர் எட்டாத ஆண்டுகளைத் தானே சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்கும்? நாற்றங்காலும் நடவும் அறிந்த பெண்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருத்தி அதை வரைவாளாயின், முதற்பிரதியை நான் விலை கொடுத்தே வாங்குவேன். இலவசப் பிரதி அனுப்ப வேண்டாம்.