முதியோர் நாவில் வாழும் ஊர்வரலாறு

(ஊர்வரலாற்றுப் பதிவு பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திண்டிவனத்தினின்று மரக்காணம் செல்லும் சாலையில் கிழக்கு நோக்கிச் சில கல் தொலைவு வருவார் கண்ணுக்கு முதலில் தோன்றுவது பெருமுக்கல் மலை. அம்மலையை ஏறியிறங்கி ஆடு மேய்த்தவர் உளர். விறகு பொறுக்கியவர் உளர். விளக்கேற்றி வழிபட்டவர் உளர். ஆனால் அம்மலை தமிழினத்தின் ஏடு என்பதை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அவ்வேட்டில் மூன்று பக்கங்கள் கல்லிலும் தாளிலும் எழுதப்பட்டுள்ளன. நான்காம் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அது முதியோர் நாவில் இருக்கின்றது. அந்நா அடங்குமுன் அதனை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற் பக்கம், மலைமேலுள்ள முழையின் பாறைக் கீறல்கள். எழுத்தென்னும் கருவி இந்நிலத்தில் வழங்குமுன் வாழ்ந்த மாந்தர் கல்லைக் கல்லால் கொத்தி உருவங்களை வரைந்துவைத்தனர் என்பது தொல்லியலார் துணிபு. இதே விழுப்புர நிலப்பகுதியில் கீழ்வாலையிலும், செஞ்சியை அடுத்த செத்தவரையிலும் வண்ணத்தால் தீட்டிய பாறை ஓவியங்கள் உள. அங்குத் தீட்டல், இங்குக் கீறல். இரண்டும் எழுத்திலா மக்களின் எழுத்தே.

இரண்டாம் பக்கம், மலைமேற் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள். கொடையளித்தவன் பெயரும், கொடுத்த நிலத்தின் அளவும், எரிக்க வேண்டிய விளக்கும் அவற்றிலே கூறப்படும். அன்றாடத் தமிழில், அரசும் ஊரும் ஒப்பி வெட்டிய ஆவணங்கள் அவை. எனினும் அக்கோயில் இறைவனுக்கு இன்று வழங்கும் பெயரோ முழு வடசொல். அருகிலுள்ள திண்டிவனத்தின் பெயரும் அத்தகையதே. புளியமரம் அடர்ந்த காட்டைத் தின்திரிணி வனமென வடமொழியாக்கி, அது பின் திண்டிவனமாகத் திரிந்தது என்பர்.

மூன்றாம் பக்கம், ஐரோப்பியர் எழுதிய தாள்கள். 1760ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் பிரெஞ்சியரை ஆங்கிலேயர் வென்றனர். அவ்வெற்றியின் பின் அயர்கூட்டு என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் புதுச்சேரியை நோக்கி வரும் வழியில், பிரெஞ்சியர் கையிலிருந்த பெருமுக்கற் கோட்டையைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. பின்னர் 1780இல் மூண்ட ஐதர் அலியின் போரிலும் இக்கோட்டை மீண்டும் முற்றுகைக்குள்ளாகி, 1782இல் ஆங்கிலேயர் கையினின்று நழுவியது. இவையெல்லாம் வெள்ளையர் நூல்களில் உள்ளன. ஆனால் அந்நூல்களில் பெருமுக்கலைத் தேடுவார் எளிதிற் காணமாட்டார். ஏனெனில் அவர்கள் எழுதிய பெயர் ‘பெர்மாக்கோயில்’!

பெருமக்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுக. படித்த வெள்ளையன் தாளில் எழுதியபோது ஊரின் பெயர் சிதைந்தது. எழுத்தறியா உழவனும் அவன் மனைவியும் நாவில் வைத்துக் காத்தபோது பெயர் சிதையாது நின்றது. எழுத்தே உறுதியானது, வாய்ச்சொல் காற்றோடு போவது என்று சொல்வார்க்கு இவ்வூர்ப் பெயரே மறுமொழி. எழுத்திலும் பிழை புகும். வாய்ச்சொல்லிலும் உண்மை நிலைக்கும். எனவே இரண்டையும் ஒன்றோடொன்று உறழ்ந்து பார்ப்பதே வரலாற்று நெறி.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை இவ்வோய்மா நாட்டு வழியைக் காட்டும் நூல். கடற்கரை எயிற்பட்டினத்திலிருந்து கிடங்கில் வரையில், எவ்வூரில் எம்மக்கள் வாழ்கின்றனர், என்ன உணவிடுவர் என்றெல்லாம் கூறுவது. அக்கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டி இன்றும் கிடங்கல் என வழங்குகின்றது. வழிநடந்த பாணன் கண்டதையும் கேட்டதையும் நத்தத்தனார் பாட்டாக்கி வைத்ததனாலன்றோ, நல்லியக்கோடன் என்னும் ஒரு சிறுநில மன்னன் இன்றும் அறியப்படுகின்றான்!

அண்மைக் காலத்துக்கு வருவோர், புதுச்சேரி ஆனந்தரங்கரை நினைக்க வேண்டும். 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761இல் தம் மறைவை ஒட்டிய நாள்வரை, அவர் கண்டதும் கேட்டதும் அன்றன்று எழுதிவைத்தார். பிரெஞ்சு ஆளுநன் சொன்னதும் அதில் உண்டு. கடைத்தெருவில் கூலியாள் சொன்னதும் உண்டு. அவர் நடை தூய தமிழன்று. பிறசொல் மலிந்த பேச்சுநடை. ஆயினும் அக்குறிப்பு இல்லையேல், பெருமுக்கலைச் சுற்றி நிகழ்ந்த அப்போர்க் காலத்தில் தமிழன் என்ன நினைத்தான் என்பதை அறிய வழியில்லை. 1846இல் ஒரு பிரெஞ்சியர் தேடியெடுக்கும்வரை அது உலகறியாமற் கிடந்தது என்பது வெட்கத்துக்குரிய செய்தி.

செஞ்சியின் நிலையும் அதுவே. 1803ஆம் ஆண்டளவில் நாராயணன் பிள்ளை என்பவர், ஆங்கில அலுவலர் ஒருவரின் விருப்பப்படி, அப்பகுதியின் செவிவழிச் செய்திகளைத் திரட்டிக் கருநாடக அரசர் வரலாற்றை எழுதினார். பின் வந்த வரலாற்றாசிரியர் செஞ்சியைப் பற்றி எழுதுங்கால் அதனைத் துணைக்கொண்டனர். காலின் மெக்கன்சி என்னும் நில அளவையாளர் ஊர்தோறும் ஆட்களை விடுத்துக் கல்வெட்டும் ஊர்க்கதையும் தொகுத்தார். அவர் 1821இல் மறைந்தார். அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் உளது.

அம்முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயினும் அவற்றின் குறையும் அறியத்தக்கது. ஆள வந்தவன் தனக்கு வேண்டியதையே கேட்டான். எவன் பாளையக்காரன், எந்நிலம் யாருக்குரியது, எக்கோயிலுக்கு எவ்வளவு மானியம் என்பனவே கேட்கப்பட்டன. நாற்று நட்ட பெண்ணை எவரும் கேட்கவில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவனை எவரும் கேட்கவில்லை. சேரியில் வாழ்ந்தவனை அறவே கேட்கவில்லை. கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தே வரலாறு அமையும். ஆதலின் தமிழூரின் வரலாற்றைத் தமிழனே கேட்க வேண்டும். எல்லாத் தெருவிலும் கேட்க வேண்டும்.

இன்று மேலையுலகம் இதனை ஒரு துறையாகவே வளர்த்துள்ளது. அமெரிக்கக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்சு 1948ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு நடுவம் தொடங்கினார். யான் வன்சினா என்னும் பெல்சிய நாட்டறிஞர் நடு ஆப்பிரிக்க மக்களின் வாய்மொழி மரபுகளைத் திரட்டி, அவற்றை ஆராயும் முறையை 1961இல் நூலாக்கினார். எழுத்தில்லா மக்களுக்கு வரலாறில்லை என்ற வெள்ளையர் செருக்கு அந்நூலால் ஆட்டங்கண்டது. எழுத்தும் இலக்கியமும் உடைய தமிழர் தம் ஊர்வரலாற்றைக் கேட்பாரின்றி விடுவது எத்துணைப் பேதைமை!

இனி, யாரைக் கேட்பது, எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பவற்றைப் பார்க்கலாம்.

அகவை முதிர்ந்தோரை முதலிற் கேட்க வேண்டும். 1965ஆம் ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்ற மாணவர், அன்று பதினெட்டு அகவையினராயின், இன்று எண்பதை நெருங்குகின்றனர். கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியும் அவர்வழி உயிரீந்தோரும் ஏட்டில் இடம் பெற்றுள்ளனர். ஆனால் அடிபட்ட, சிறைப்பட்ட, படிப்பிழந்த, ஊர்தோறும் தார்ச்சட்டி ஏந்திச் சென்ற எண்ணற்ற இளைஞர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாமென இருப்பார், கல்லறையைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

முதியோர் ஆண்டைச் சொல்லமாட்டார். ‘அப்போது’ என்பர், ‘அந்தக் காலத்தில்’ என்பர். அதனால் சலிப்படையலாகாது. அண்ணா மறைந்தது 1969. தனுக்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964. காந்தியார் கொலையுண்டது 1948. இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் அவரே ஆண்டைக் காட்டிவிடுவார். பாட்டன் சொன்ன பஞ்சம் என்பாராயின் அது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுப் பஞ்சமா எனக் கேட்டுத் தெளியலாம்.

தொழிலைக் கேட்க வேண்டும். தொழிலோடு சொல் வரும். ஏரி, மதகு, தூம்பு, கலிங்கல், மடை. ஏற்றம், கவலை, சால். நீர் இறைக்கப் பொறி வந்தபின் ஏற்றம் போயிற்று. ஏற்றத்தோடு ஏற்றப்பாட்டும் போயிற்று. பாட்டோடு நூறு சொற்கள் போயின. மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வாயில் உள்ள சொற்களை எவ்வகர முதலியும் முற்றத் தொகுத்ததில்லை. இவ்வட்டத்தார் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்கின்றனர். மணிலாக் கொட்டை என்பதன் திரிபு அது. கடல் கடந்து வந்த ஒரு பயிர் தென்னார்க்காட்டு உழவன் வீட்டில் புகுந்த வரலாறு அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. மொழிஞாயிறு பாவாணர் சொல்லாய்வுக்கு நூல்வழக்கோடு நாட்டுப்புற உலகவழக்கையும் துணைக்கொண்டார் என்பதைத் தனித்தமிழன்பர் மறத்தலாகாது.

இவ்விடத்தில் தனித்தமிழன்பர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டியுளது. முதியவள் ஒருத்தி ‘வருசம்’ என்றால் ‘ஆண்டு’ என்று திருத்தி எழுதுவது தமிழ்த்தொண்டன்று, பொய்ச்சான்று. எழுதுவோன் தன் நடையைத் தூயதாக்கிக்கொள்க. அது அவன் கடமை. பிறர் வாயை அடைத்துத் தன் வாயை அங்கு வைப்பது கடமையன்று. அவள் பேசிய ஒலியும் திரிபும் தயக்கமும் அப்படியே பதிவாக வேண்டும். உண்மையில், திருத்தாது கேட்பார்க்கே அவள் வாயிலிருந்து எவ்வகர முதலியிலும் இல்லாத பழந்தமிழ்ச் சொல் கிடைக்கும்.

அவ்வாறே, ஊர்க்கதையை எள்ளி ஒதுக்கலாகாது. பாறைக் கீறலுள்ள முழையைச் சீதை பிள்ளை பெற்ற இடம் என இவ்வூரார் கூறுவர். இராமகாதை வடநாட்டுக் கதையாயிற்றே, அதனை ஏன் எழுத வேண்டும் எனப் பகுத்தறிவாளர் வினவலாம். கதை உண்மையென நம்புவதற்கன்று. அவ்வடையாளங்கள் இயற்கையானவையல்ல, பொருளுடையவை என ஊரார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று. பேற்றோடு அவ்விடத்தைத் தொடர்புபடுத்தியதன் அடியில் பழைய தாய்வழிபாடு ஏதும் உண்டா என்பது ஆராயத்தக்கது. ஆராய வேண்டுமாயின், யார் எவ்வாறு சொன்னார் என்பது முதலிற் பதிவாகியிருக்க வேண்டும்.

கசப்பையும் கேட்க வேண்டும். தமிழன் பெருமையை மட்டும் பதிவதாயின் அது புகழ்மாலையாகும், வரலாறாகாது. 1978ஆம் ஆண்டு இதே விழுப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பன்னிருவர் தமிழராலேயே கொல்லப்பட்டனர். எக்கிணற்றில் யார் நீர் மொள்ளக்கூடாது, எத்தெருவில் யார் செருப்பிட்டு நடக்கக்கூடாது என்பதெல்லாம் முதியோர் நினைவில் உள்ளன. அதனைச் சொல்லக் கூசுவோரும் உளர். சொல்ல அஞ்சுவோரும் உளர். இருசாராரிடமும் பொறுமையோடு கேட்க வேண்டும். தம் பெயர் வெளிவர வேண்டாவென்பாராயின் பெயரை மறைத்துப் போற்ற வேண்டும். தன் குற்றத்தைத் தானே எழுதிவைக்கும் இனமே திருந்தும்.

நினைவு பிறழும் என்பதும் மெய்யே. தேசிங்கின் கதையைப் பாடுவார் பாட்டில் மிகைகள் பல. 1714இல் வீழ்ந்த அவ்விளைஞன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. ஆயினும் ஆவணங்கள் பெரிதும் போற்றாத ஒன்றைப் பாட்டு போற்றிற்று. அது, தேசிங்குக்கும் அவன் முசுலிம் தோழனுக்கும் இருந்த நட்பு. நிகழ்ச்சியின் நாளை ஆவணம் காக்கும். நிகழ்ச்சி மக்கள் நெஞ்சில் எவ்வாறு பதிந்தது என்பதை நினைவே காக்கும். ஆதலின் ஒரே செய்தியை மூவரிடம் கேட்க வேண்டும். மூவரும் மாறுபட்டால் மூன்றையும் எழுத வேண்டும்.

பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைத்தலாகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மறுபடி இல்லாத சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. நூலை எரித்தால் இனத்தின் நினைவை எரிக்கலாமெனப் பகைவன் அறிந்திருந்தான், தமிழன்தான் அறியவில்லை. அவ்விழப்பின் பின், 2005இல் ஈழத்தமிழர் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, அச்சு நூல்களையும் வாய்மொழிகளையும் திரட்டி உலகெங்கும் எட்டச் செய்துள்ளனர். எரிந்த மண்ணினின்று எழுந்த பாடம் அது. பள்ளியில் ஒரு படி, ஊராட்சியில் ஒரு படி, சென்னை உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் ஒரு படி எனப் பதிவுகள் பிரித்து வைக்கப்பட வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. முன்னாளில் ஒலிநாடாப் பொறி வாங்க ஓர் ஆசிரியரின் திங்கட்சம்பளம் போதாது. இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் உள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. திரைப்பாட்டு ஏற்றும் அக்கருவியில் பாட்டியின் நடவுப்பாட்டும் ஏறட்டும். கிழமைக்கு ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு மணி நேரம். சொன்னவர் பெயர், அகவை, தெரு, நாள் ஆகிய நான்கு குறிப்புகள். ஓராண்டில் ஐம்பது முதியோரின் குரல் ஊருக்குச் சொந்தமாகும்.

பெருமக்களே! மலையைக் கல்லுடைப்போர் சுற்றி வளைக்கின்றனர். உடைந்த பாறையை மீண்டும் ஒட்ட இயலாது. மலை வேண்டுமென முறையிடச் செல்லும் ஊரார் கையில், அது தம் மலை என்பதற்குச் சான்று வேண்டும். ஏறிய வழி, மேய்த்த புல்வெளி, ஏற்றிய விளக்கு, சொல்லிய கதை ஆகியவையே அச்சான்று. அது முதியோர் நாவில் உள்ளது. இன்று மாலை வீடு திரும்பும் இளைஞர், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘தாத்தா, இந்த மலைக்கு ஏன் பெருமுக்கல் என்று பெயர் வந்தது?’ அவர் சொல்லும் விடையே நான்காம் பக்கத்தின் முதல் வரி.

வாழ்க தமிழ்! வாழ்க பெருமுக்கல்!