மொடக்குறிச்சி சொல்லும் இரண்டு எண்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'அரசியல் பேசுங்க, ஆனா கட்சி பேசாதீங்க' என்று சொல்லித்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்தார். அதனால் எந்தக் கட்சியையும் விட்டுவிட்டு ஒரு தொகுதியைப் பற்றிப் பேசுகிறேன். ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி. ஒரு பக்கம் காவிரி, நடுவே காலிங்கராயன் வாய்க்கால், மேட்டுப் பக்கம் கீழ்பவானி. நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகிற பூமி. தீரன் சின்னமலையின் ஓடாநிலையும் அந்த வட்டாரம்தான்.

இந்தத் தொகுதி நமக்கு இரண்டு எண்களைத் தந்திருக்கிறது. முதல் எண் 1033.

1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே போட்டியிட்டவர்கள் எண்ணிக்கை அது. தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு போட்டார்கள். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். இத்தனை பேருக்கு ஓட்டுச்சீட்டு எப்படி அடிப்பது? தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். சீட்டு புத்தகமாக வந்தது. அதைப் போடுவதற்குப் பெரிய பெட்டி. வாக்காளர் பக்கம் பக்கமாகப் புரட்டி, சின்னத்தைத் தேடிப் பிடித்து முத்திரை குத்த வேண்டும். தேர்தல் பணி பார்த்த ஆசிரியன் என்பதால் சொல்கிறேன்: பத்து பதினைந்து பேர் நின்றாலே கணக்கு முடித்துப் பெட்டிக்கு சீல் வைப்பதற்குள் எங்களுக்கு முதுகு ஒடிந்துவிடும். அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது!

முடிவு வந்தது. திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 ஓட்டு வாங்கி, 39,540 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. நாடே சிரித்தது. 'தன் ஓட்டையே தனக்குப் போடாத வேட்பாளர்' என்று கேலி பேசினார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். அந்த 88 பேர் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. வேட்புமனு என்பது அவர்களுக்கு 250 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய கோரிக்கை மனு. ஓட்டு வேறு விஷயம். யார் ஆள வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில், நின்று ஜெயிக்கக்கூடியவர்களில் ஒருவரைப் பார்த்துத்தான் குத்தினார்கள். இதில் என்ன குழப்பம்? நம்மில் பலரைவிடத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? அதே 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 5,000 ரூபாய் ஆனது. சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்று வந்தது. பிறகு 2010-இல் 10,000 ஆனது. பலனும் தெரிந்தது: 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் நின்றவர்கள் 13,952 பேர், 1998-இல் 4,750 பேர். சீட்டு சுருங்கியது நல்லதுதான். ஆனால் மனு கொடுக்கிற வாசலை அடைத்தால் மனு தீர்ந்துவிடுமா? 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், மக்களவைக்கு டெபாசிட் 25,000 என்று இருந்தபோதும், மஞ்சள் விவசாயிகளும் மற்றவர்களுமாக 178 பேர் களத்தில் இறங்கினார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒரு வாக்குச்சாவடிக்குப் பன்னிரண்டு இயந்திரங்கள் வைக்க வேண்டியதாயிற்று. தேசிய மஞ்சள் வாரியம் 2025-இல் அதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

இரண்டாவது எண் 281.

2021 தேர்தல். அதே மொடக்குறிச்சி, அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். 1977-இலேயே அங்கே ஜெயித்து அமைச்சரானவர், பின்னர் மத்திய இணையமைச்சராகவும் இருந்தவர். டாக்டர் சி.கே. சரஸ்வதிக்கு 78,125, இவருக்கு 77,844. வித்தியாசம் 281. 141 பேர் மனசு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 141 பேர் என்றால், தம்பிகளே, நம் ஹாஸ்டலில் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற கூட்டம்கூட இல்லை!

'நான் ஒருத்தன் போட்டு என்னங்க ஆகப்போகுது' என்பவர்களுக்கு 281 பதில். 'ஓட்டு போட்டாச்சு, அஞ்சு வருஷத்துக்கு நம்ம வேலை முடிஞ்சுது' என்பவர்களுக்கு 1033 பதில். ஒரே தொகுதி இரண்டையும் சொல்கிறது. ஓட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதை அந்த ஓட்டு தானாகப் போய்ச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு ஆயிரம் பேர் தேர்தலில் நிற்க வேண்டியதில்லை. மே தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. போய் உட்காருங்கள், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, எழுதிப் போடுங்கள். படித்தவர்கள் நாலு பேர் ஊருக்காக ஒரு மனுவை ஒழுங்காக எழுதித் தந்தாலே, இந்தக் கல்லூரி நமக்குப் போட்ட சோற்றுக்குப் பாதிக் கடன் தீரும்.

பதினெட்டு வயது முடிந்தும் பட்டியலில் பேர் சேர்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை போய்ச் சேர்த்துவிடுங்கள்.

பந்தி தயார் என்று சைகை காட்டுகிறார்கள்.