வயலைப் பற்றிப் பேசவேண்டியவன் யார்?

(விவசாயத் தோழர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சித்திரை பிறந்தால் நமது ஊர்களில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, இன்ன தானியம் பலிக்கும், கால்நடைகளுக்கு இன்ன பீடை என்று ஒருவர் வாசிக்க, சேற்றில் கால் வைத்தவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான். வாசித்தவர் உன் வயலைப் பார்த்தாரா? உன் மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று விசாரித்தாரா? இல்லை. பார்த்தவன் வாய் திறப்பதில்லை, பார்க்காதவர் பேசுகிறார். இது நியாயமா என்பதே இன்றைய பேச்சு.

இதற்கு அமெரிக்க விவசாயிகள் கண்ட வழியைச் சொல்லுகிறேன். அவர்கள் நம்மைவிட மேலான பிறவிகள் என்பதற்காக அல்ல. ஏமாந்த பிறகு யோசித்தவர்கள் என்பதற்காகவே சொல்லுகிறேன்.

அங்கும் ஒரு காலத்தில் விளைச்சல் சேதி வியாபாரியின் வாயில்தான் இருந்தது. “மேற்கே அமோக விளைவு, விலை விழப்போகிறது” என்று ஒரு புரளி கிளம்பினால் போதும்; குடியானவன் பயந்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். 1839-இல் அந்நாட்டு சட்டசபை விவசாயக் கணக்கு முதலிய காரியங்களுக்காக 1000 டாலர் ஒதுக்கியது. 1862-இல் ஆரஞ்சு ஜட் என்ற பத்திரிகாசிரியர் தமது சந்தாதாரர்களையே பயிர் நிலைமையை எழுதியனுப்பச் சொன்னார். அதே வருஷம் லிங்கன் கையெழுத்தில் விவசாய இலாகா பிறந்தது. 1863 ஜூலை முதல் அது மாதந்தோறும் பயிர் அறிக்கை வெளியிட்டது. 1867 முதல் கால்நடைக் கணக்கும் தொடர்ந்து கிடைக்கிறது.

இதற்குச் சேதி கொடுத்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத விவசாயிகளே. வழக்கமான நல்ல பயிரை 100 என்று வைத்துக்கொண்டு, தன் பக்கத்துப் பயிர் 80-ஆ, 60-ஆ என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். ஒருவனுக்குத் தன் ஊர்தான் தெரியும். ஆயிரம் பேர் எழுதினால் நாடே தெரிகிறது. இதில் ஜோசியம் உண்டா? மந்திரம் உண்டா? கண்ணும் கூட்டல் கணக்கும்தானே!

ஆனால் இதிலும் இரண்டு வியாதிகள் உண்டு, அவற்றை மறைக்கமாட்டேன். முதலாவது நம்முடையது. விளைச்சல் நன்றாயிருந்தாலும் குறைத்துச் சொல்லும் குணம் விவசாயிக்கு உண்டு என்பதைக் கணக்கர்கள் கண்டார்கள். பொய்க் கணக்கால் இன்று ஒரு பிடி லாபம் வரலாம். நாளை மெய்யைச் சொன்னாலும் நம்புவாரில்லை.

இரண்டாவது உத்தியோகஸ்தர்களுடையது. 1905-இல் அந்த இலாகாவின் எட்வின் ஹோம்ஸ் என்ற அதிகாரி, பருத்தி அறிக்கை வெளிவருமுன்பே ஜன்னல் திரையை ஏற்றியும் இறக்கியும் தரகருக்கு ஜாடை காட்டிய சங்கதி அம்பலமாயிற்று. ஆயிரக்கணக்கான ஏழைகள் இனாமாகக் கொடுத்த உண்மையை ஒருவர் விற்றார்! அதன் பிறகே பயிர் அறிக்கைக் குழு ஏற்பட்டது. பூட்டிய அறையில் கணக்கெழுதி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியிடும் முறை வந்தது. முன்கூட்டி வெளியிடுவதைக் குற்றமாக்கி 1909-இல் சட்டமும் செய்தார்கள். உண்மையைச் சேர்த்தால் மட்டும் போதாது, தோழர்களே! அது எல்லோருக்கும் பொதுவாகவும் வேண்டும்.

இன்றைய சங்கதியும் கேளுங்கள். 1997-இல் கொலராடோவில் போர்ட் காலின்ஸ் என்ற நகரில் வெள்ளம் வந்து 5 பேர் மாண்டார்கள். ஒரு பக்கத்தில் ஓர் அடிக்கு மேல் மழை. இன்னொரு பக்கத்தில் சொற்பமே. சில இடங்களில் மட்டும் அளந்தால் இது தெரியுமா? எனவே மறுவருஷமே சாதாரண ஜனங்கள் வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் தொண்டு தொடங்கிற்று. மழையில்லாத நாளில் ‘பூஜ்யம்’ என்று எழுதுவதும் அவர்களுக்குப் பெரிய தொண்டு. ஏனெனில் எழுதாமல் விட்டால், மழையில்லையா, எழுத மறந்தானா என்று எவருக்குத் தெரியும்? இப்போது கடும் வறட்சி முதல் கடும் ஈரம் வரை 7 படிகள் வைத்து, பயிர் வாடுகிறதா, குட்டையில் தண்ணீருண்டா, தீவனம் விலைக்கு வாங்குகிறார்களா என்றும் எழுதுகிறார்கள். 1999 முதல் வாரந்தோறும் வரும் வறட்சிப் படத்தைப் போடுகிறவர்கள் மற்றக் கணக்குகளோடு இவற்றையும் பார்க்கிறார்கள். மேய்ச்சல் கருகிய மாட்டுக்காரனுக்கு நிவாரணம் உண்டா இல்லையா என்பது அந்தப் படத்தைப் பொறுத்தது. அங்கே வாய்மூடிக் கிடந்தவனுக்கு நஷ்டம் அவனுடையதே.

ஆகவே தோழர்களே, ஊருக்குப் பத்துப் பேர் ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். வாரம் ஒரு நாள் பயிர், தண்ணீர், தீவனம், மாட்டின் நிலை எழுதுங்கள். விரும்புவதை எழுதாதீர்கள்; பார்த்ததை எழுதுங்கள். ஒன்றுமில்லையானால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள். பஞ்சாங்கம் படிக்கும் அதே இடத்தில் எல்லோரும் கேட்க அதைப் படியுங்கள். நான் சொன்னேன் என்று நம்பவேண்டாம். வருஷக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, எது மெய் என்று உங்கள் அறிவைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.