மெய்ப்புப் பார்க்கும் கண்

அச்சுக்கூடத்தார் வழங்கும் சொற்களுள் 'மெய்ப்பு' என்பது அழகானது. பிழை திருத்துவதற்காக எடுக்கப்படும் படி அது. 'மெய்' என்னும் சொல் அதனுள்ளே அடங்கியிருப்பதால், எழுத்துப் பிழையைக் களைவதோடு, சொன்னது உண்மைதானா என்று பார்ப்பதும் அப்பணியில் சேரும் என்று கொள்ள இடமுண்டு. அறிவியல், தொழில்நுட்பச் செய்திகளை வெளியிடுவோர் இப்பணியை அன்று எவ்வாறு செய்தனர், இன்று எவ்வாறு செய்கின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள். சிரிப்பதற்கு இதில் நிறையவே உண்டு. சிரிப்பு அடங்கிய பின் எஞ்சுவதும் உண்டு.

1920ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளேடு, ராபர்ட் கோடார்டு என்னும் அமெரிக்கப் பேராசிரியரை எள்ளி ஒரு கருத்துரை வெளியிட்டது. ராக்கெட் சந்திரன் வரை செல்லக்கூடும் என்பது அவருடைய கருத்து. விண்வெளியிலோ காற்று இல்லை. உதைத்துத் தள்ள எதுவுமில்லாத இடத்தில் ராக்கெட் எப்படி நகரும், உயர்நிலைப் பள்ளிப் பாடம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்று நகைத்தது அந்த ஏடு. ராக்கெட் காற்றை உதைத்துச் செல்வதில்லை. தன்னிலிருந்து வாயுவைப் பின்னோக்கி வீசுவதன் எதிர்விளைவால் அது முன்னேறுகிறது. நியூட்டன் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்ட விதி இது. ஆகவே பள்ளிப் பாடத்தை மறந்தவர் பேராசிரியர் அல்லர், கருத்துரை எழுதியவரே.

1969 சூலை 16 அன்று அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் அதே நாளேட்டில் ஒரு திருத்தம் வெளிவந்தது. வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது என்றும், பிழைக்கு வருந்துவதாகவும் அது கூறியது. கோடார்டு 1945இலேயே மறைந்துவிட்டார். ஏடு தன் தவற்றை ஒப்புக்கொள்வதற்கும் மனிதன் சந்திரனுக்குப் புறப்படுவதற்கும் நடந்த பந்தயத்தில் ஏடு ஒரு நாள் பின்தங்கியது என்று சொல்லிச் சிரிக்கலாம். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பிழை தங்களுடையது என்று ஏற்க அங்கே ஒருவர் இருந்தார்.

வானூர்தியின் கதை இன்னும் சுவையானது. 1903 திசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தனர். அவற்றுள் நெடியது 59 வினாடி, 852 அடி. மறுநாள் வெளிவந்த உள்ளூர் நாளேடு ஒன்று அதை மூன்று மைல் பறத்தலாக வளர்த்துவிட்டது. சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழோ நேர்மாறான வழியில் சென்றது. பறந்தது உண்மையானால் நம் நாட்டுச் செய்தியாளர்கள் அறியாமல் இருப்பார்களா என்று 1906 தொடக்கத்தில் அது ஐயுற்றது. பின்னர் அதே ஆண்டில், பறந்ததைக் கண்டவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

இவ்விரண்டுக்கும் இடையே உண்மையை எழுதியவர் ஒரு தேனீ வளர்ப்பாளர். ஒகையோ மாநிலத்து மெடினா ஊரினரான ஏமோஸ் ரூட், தேனீ வளர்ப்போருக்கென்று ஓர் இதழை நடத்தி வந்தார். அவர் தம் ஊர்தியில் டேட்டன் நகர்ப்புறத்திற்கே சென்று, 1904 செப்டம்பர் 20 அன்று வில்பர் ரைட் வானில் முழுவட்டமடித்துத் திரும்பியதைக் கண்ணாரக் கண்டார். கண்டதை 1905 சனவரியில் தம் இதழில் எழுதினார். அறிவியல் இதழுக்கு வாய்க்காத செய்தி தேனீ இதழுக்கு வாய்த்ததற்குக் காரணம் எளியது. ரூட் அந்த இடத்திற்குப் போனார்.

இனி இன்றைய நிலை. தொழில்நுட்பச் செய்திகளுக்குப் பேர்பெற்ற சிநெட் இணைய இதழ், 2022 இறுதியில் கணிப்பொறியைக் கொண்டே பொருளாதார விளக்கக் கட்டுரைகளை எழுதுவித்தது. பத்தாயிரம் டாலரை மூன்று விழுக்காட்டு வட்டிக்கு இட்டால் ஓராண்டில் பத்தாயிரத்து முந்நூறு டாலர் ஈட்டலாம் என்றது அவற்றுள் ஒன்று. ஈட்டுவது முந்நூறுதான், முதலையும் வட்டியாக்கிய பெருமை அக்கட்டுரைக்கு உரியது. அவ்வாறு எழுதப்பட்ட 77 கட்டுரைகளில் 41இல் திருத்தம் செய்ய நேர்ந்தது.

2024 மே மாதம் கூகுள் தன் தேடுபொறியின் விடைகளைச் செயற்கை நுண்ணறிவால் சுருக்கித் தரத் தொடங்கியது. பீட்சாவில் பாலாடைக்கட்டி நழுவாதிருக்கப் பசை சேர்க்கலாம் என்று அது ஒருவருக்கு அறிவுரை கூறியது. நாளொன்றுக்கு ஒரு சிறு கல்லாவது உண்ணுக என்று மற்றொருவருக்குக் கூறியது. முன்னது பதினோராண்டுகளுக்கு முன் எவரோ விளையாட்டாக எழுதியது; பின்னது தி ஆனியன் என்னும் நையாண்டி இதழின் படைப்பு. இங்கே பிழைபட்டது தகவல் மட்டுமன்று, தொனி. கேலியாகச் சொல்லப்பட்டது, சொன்னவரின் முகம் நீங்கியவுடன் மருத்துவ அறிவுரையாகிவிட்டது. சொல்லின் பொருள் அது சொல்லப்படும் குரலில் பாதி இருக்கிறது என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இணையத்தை மட்டும் பழிப்பதும் முறையன்று. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளேட்டோடு வந்த இணைப்பிதழில், கோடையில் படிக்கத்தக்க பதினைந்து நூல்களின் பட்டியல் அச்சாயிற்று. அவற்றுள் பத்து நூல்கள் உலகில் இல்லவே இல்லை. இசபெல் அயெந்தே முதலிய புகழ்பெற்ற எழுத்தாளர்கள், தாங்கள் எழுதாத புதினங்களுக்கு அதில் ஆசிரியர்களாயினர். வெளி நிறுவனம் ஒன்று அளித்த பக்கங்கள் அவை. பட்டியலைத் தொகுத்தவர், கணிப்பொறி தந்ததைச் சரிபார்க்காமல் விட்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின் அப்பக்கங்கள் கடந்துவந்த எந்தக் கையும் ஒரு நூலகப் பட்டியலைக்கூடப் புரட்டவில்லை. எழுதாத நூலுக்குப் பாராட்டுப் பெறுவது எழுத்தாளர்களுக்கு ஒருகால் இனிக்கலாம். அந்நூலைத் தேடி நூலகத்தின் படியேறும் வாசகருக்கு அது இனிக்காது.

அன்றும் பிழை நேர்ந்தது, இன்றும் நேர்கிறது. முற்காலம் பொற்காலம் என்று சொல்ல இந்த வரலாறு இடந்தரவில்லை. ராக்கெட்டைப் பழித்தவர் மனிதர்; 852 அடியை மூன்று மைலாக நீட்டியவரும் மனிதரே. வேறுபாடு பிழையின் அளவில் இல்லை; பிழைக்கு உரியவர் யார் என்பதில் இருக்கிறது. நாணுவதற்கு ஒருவர் இருக்கும் இடத்தில் திருத்தம் பிறக்கும், நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆனாலும். பொறிக்கு நாணம் இல்லை. அதைப் பணியில் அமர்த்தி, ஆசிரியரின் நாற்காலியை வெறுமையாக விடும்போது, தவற்றுக்கு வருந்த எவரும் எஞ்சுவதில்லை. செலவு குறைந்தது என்ற மகிழ்ச்சி மட்டுமே எஞ்சுகிறது.

கவிதைக்கும் செய்திக்கும் வழிகள் வேறு. எனினும் ஒரு சொல்லை அச்சுக்கு அனுப்புமுன் அதன் முன்னே சற்று நின்று, இது இவ்வாறுதானா என்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. பத்தாண்டுகளாகப் படித்தும் கேட்டும் திருத்தியும் வரும் ஒரு வட்டம் வளர்ப்பதும் அந்தப் பழக்கத்தையே. தேனீ இதழின் ஆசிரியருக்கு வானூர்தி நூல் எதுவும் துணையிருக்கவில்லை. பார்த்துவிட்டு எழுதுவோம் என்ற எண்ணமே அவருக்குத் துணையாக இருந்தது. மெய்ப்புப் பார்க்கும் கண்ணுக்கு அதனினும் மிகுதியாக எதுவும் தேவையில்லை.