கொல்லையில் மருந்தா, கோழியா?

(தாயில்பட்டியில் பெண்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோழி வளக்கிறதப் பேச ஒரு இயக்கக் கூட்டமா என்று தம்பிகள் சிலர் கேட்டார்கள். ஆமா, வேணும். ஏன்னு சொல்றேன்.

நம்ம மண் கரிசல். மழை பெய்தால்தான் விளையும். விளைஞ்சாலும் நிலம் நம்ம பேர்ல இல்லை. அதனால நம்ம சனம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போச்சு. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தைத் தடை செய்தது. அதன்பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஆலை பூட்டினால் கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டைத் தேடி மருந்து வருது: 'வீட்டிலேயே வச்சுச் செய், எண்ணிக் காசு வாங்கிக்கோ.' 2021 ஜூனில் இதே தாயில்பட்டியில் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்தபோது வெடித்தது, உயிர்கள் போயின.

அந்த மருந்து வாசலுக்கு வரும்போது பெண் கையில் என்ன இருக்கு? அதுதான் என் கேள்வி. எங்க அம்மா தீப்பெட்டிக் கட்டை அடுக்குனவ. கூலி அட்வான்ஸிலேயே கழிஞ்சிரும். அவளுக்குன்னு இருந்தது முட்டைக் காசு மட்டும்தான். கோழி நம்மளப் பணக்காரியாக்காது. 'வேண்டாம்'னு சொல்ல ஒரு வாரம் அவகாசம் தரும். அந்த ஒரு வாரம் சின்ன விசயமில்லை.

கூட்டைத் தரையில் வைக்காதீங்க. கரிசல் ஈரம் காயாது. ஈரத்தில் குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் வரும். நாலு கம்பு நட்டு ரெண்டடி உயரத்தில் தளம் போடுங்க. நீளவாட்டு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே அடிக்காது. பத்துக் கோழிக்கு ஐந்துக்கு நாலடி போதும். சுத்தி சின்னக் கண் வலை, மேலே பனையோலை. கீரியும் பாம்பும் நுழையக் கூடாது.

அடைக்கு 10, 12 முட்டை. 21 நாளில் பொரிக்கும். தாயோடு இருக்கிற குஞ்சுக்குத் தாய்ச் சிறகே சூடு. பருந்துக்குப் பயந்தா பஞ்சாரத்தைக் கவுத்துங்க. தாயில்லாக் குஞ்சு வாங்கினால் முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும். பிறகு வாரம் மூணு டிகிரி குறைக்கலாம். குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் குவிஞ்சால் குளிருது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவி மேய்ஞ்சால் சரி. வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்க. அது தருமமில்லை, நம்ம உரிமை.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். குஞ்சுக்குச் சூடு வேணும். வெடிமருந்துக்குச் சூடு ஆகாது. பல்பும் சிமினி விளக்கும் எரியிற இடத்தில் மருந்து இருக்கவே கூடாது. ரெண்டில் ஒண்ணுதான் நம்ம கொல்லைக்கு.

ஆனா கொல்லை எங்கே? காலனி வீட்டுக்குக் கொடுத்த இடத்தில் வீடு போக மிச்சம் என்ன? கோழி எல்லை தாண்டி ஊர்த்தெருவுக்குள் மேய்ஞ்சால் அதுக்கும் சாதிப் பேச்சு. 1892-ல் வெள்ளை அரசாங்கம் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறத்தியார் கைக்கு மாறிக் கிடக்கு. அதனால கோழிக்கூட்டுப் பேச்சு எங்கே தொடங்கினாலும் நிலத்தில்தான் போய் நிற்கும்.

மாணவத் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கு வேலை இருக்கு. வீட்டுமனைப் பட்டா இல்லாதவங்க பட்டியல் எடுங்க. மனு எழுதுங்க. மருந்தகத்தில் தடுப்பூசிக்குத் தேதி வாங்குங்க. கூட்டை நாங்க கட்டிக்கிறோம்.