நாற்பது நிமிடத் தூரம்



ஆஹெனில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நெதர்லாந்தின் வால்ஸ் ஊர் வந்துவிடும். இன்று இரண்டு ஊர்களிலும் ஒரே நேரம்தான். முன்னர் அப்படி இருக்கவில்லை.

ஜேர்மனி 1893இல் மத்திய ஐரோப்பிய நேரத்தை ஏற்றது. நெதர்லாந்து 1909இல் ஆம்ஸ்டர்டாம் நேரத்தைச் சட்டமாக்கியது. அதன்பின் குளிர்காலத்தில் ஆஹெனில் பகல் 12 மணி என்றால் வால்ஸில் ஏறக்குறைய 11.20. 1940 மே மாதம் படையெடுத்து வந்த ஜேர்மனியர் தங்கள் நேரத்தையும் அங்கே திணித்தார்கள். போர் முடிந்த பிறகும் மத்திய ஐரோப்பிய நேரமே நிலைத்தது.

ஆஹெனுக்குச் சார்லமேன் கட்டிய பேராலயம் பெருமை. தட்டையான நாட்டிலுள்ள வால்ஸுக்கு அதன் 322 மீற்றர் குன்று பெருமை. ஆனால் இரு ஊர்ப் பழைய வட்டாரப் பேச்சும் நெருங்கிய சொந்தம். பேச்சு ஒன்றாக இருந்தபோது மணிக்கூடுகள்தான் பிரிந்திருந்தன.

இது எங்களுக்குப் புதிதல்ல. 1996இல் மின்தட்டுப்பாட்டால் இலங்கை அரசு மே மாதம் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தது. விடுதலைப் புலிகளின் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. வவுனியாவில் ஆறு மணி, கிளிநொச்சியில் ஐந்தரை. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத்தான் ஒரு காரியம் பேச வேண்டியிருந்தது. கேட்டவரும் தமிழ், சொன்னவரும் தமிழ். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது.

மணிக்கூட்டை அரசுகள் திருப்பலாம். அயலவரோடு பேசுவது எங்கள் கையில்தான் இருக்கிறது.