பெண்ணையின் இரு கரைகள்



மூங்கில்துறைப்பட்டு என்னும் பெயரிலேயே ஆற்றுத்துறை அமைந்திருக்கிறது. நாம் தென்பெண்ணையின் தென்கரையினர். அக்கரை 1989-இல் திருவண்ணாமலை மாவட்டமாயிற்று. இக்கரை 1993-இல் விழுப்புர மாவட்டத்திலும், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. மனுக் கொடுக்கப் போகும் ஊர்தான் மாறிற்று, ஆறு ஒன்றே. மேலே 1958-இல் எழுந்த சாத்தனூர் அணையின் கால்வாய்கள் இரண்டு. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. வெள்ளமும் இரு கரைக்கும் பொது. 2024 டிசம்பரில் கண்டோம். ஆண்டுதோறும் தை ஐந்தாம் நாள் அண்ணாமலையாரே எல்லை கடந்து, நமக்குக் கீழே உள்ள மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்கிறார். அன்று ஆற்றுமணலில் நிற்பவரை எந்த மாவட்டத்தார் என்று எவர் கேட்பார்? ஆதலின், நம் ஆலயத்தின் மண்டலபூர்த்திக்கு அக்கரை ஊர்களையும் தாம்பூலத்தோடு நேரிற்சென்று அழைக்குமாறு திருப்பணிக் குழுவினரை வேண்டுகிறேன்.